மஞ்சள் படாத ஒருவர்

ஒவ்வொரு புதன்கிழமையும் காலை பத்து மணிக்கு இன்னாசிமுத்து தன் வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து நாக்கை நீட்டுவார். பெர்சி என்கிற கள ஆய்வாளர் அதை வெள்ளைப் பஞ்சால் துடைத்து, பஞ்சின்மேல் இரண்டு சொட்டு தெளிந்த சுண்ணாம்புத் தண்ணீர் விடுவாள். பிறகு இருவரும் ஒரு நிமிடம் பஞ்சையே பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

"சிவக்கல அங்கிள்."

"சிவக்காது."

மஞ்சளின் மேல் சுண்ணாம்பு பட்டால் சிவக்கும். ஆரத்தி கரைத்த எல்லோருக்கும் இது தெரியும். ஏன் சிவக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. மஞ்சளில் உள்ள நிறப்பொருள் அமிலத்தில் மஞ்சளாகவும் காரத்தில் சிவப்பாகவும் இருக்கும். சுண்ணாம்பு காரம். அவ்வளவுதான். இன்னாசிமுத்து முப்பத்து மூன்று வருடம் ஒரு மிஷன் பள்ளியின் வேதியியல் ஆய்வகத்தில் உதவியாளராக இருந்தவர். லிட்மஸ் தாள் தீர்ந்துபோன வருடங்களில் வடிதாளை மஞ்சள் தண்ணீரில் நனைத்துக் காயவைத்து, அதைக் கொண்டு பையன்களைப் பரீட்சையில் தேற்றிவிட்டவர். அந்தச் சோதனை தன் நாக்குக்கே வரும் என்று அவர் நினைத்திருக்கவில்லை.

சோதனையை நடத்தியது தாவர உணவுவழிப் புற்றுநோய்த் தடுப்பு ஆய்வு மையம். அவனியாபுரத்தைத் தாண்டி, கரிசல் காட்டுக்கு நடுவில் மூன்று மாடிக் கட்டடம். பூண்டுப் பிரிவு, நெல்லிப் பிரிவு, மஞ்சள் பிரிவு என்று மாடிக்கு ஒன்று. மஞ்சளுக்கு அமெரிக்காவில் யாரோ வாங்கிய காப்புரிமை ரத்தான அடுத்த வருடம், 1998-ல், அது திறக்கப்பட்டது. நாடு முழுவதும் மஞ்சளைப் பற்றிப் பெருமையாகப் பேசிக்கொண்டிருந்த நேரம் என்பதால் மஞ்சள் பிரிவுக்கு மட்டும் ஜீப் கொடுத்தார்கள்.

ஆய்வு எளிமையானது. நூறு பேர் மூன்று வருடம் மஞ்சள் சாப்பிட வேண்டும். இன்னொரு நூறு பேர் மூன்று வருடம் மஞ்சளே சாப்பிடக் கூடாது. எந்தப் பக்கம் புற்றுநோய் குறைவு என்று பார்க்க வேண்டும். திட்டத்தின் படிவங்கள் வெளிநாட்டிலிருந்து வாங்கப்பட்டவை. உருளைக்கிழங்கை அவித்து உப்புத் தூவிச் சாப்பிடுகிற நாடு அது. அங்கே மஞ்சள் சாப்பிடாதவர்களைச் சேர்ப்பது சுலபம். சாப்பிடுகிறவர்களைத்தான் தேட வேண்டும். படிவத்தைத் தமிழில் மொழிபெயர்த்தவர்கள் எல்லாவற்றையும் பிழையில்லாமல் மொழிபெயர்த்தார்கள். ஊரைத்தான் மாற்ற விட்டுப்போயிற்று.

சேர்கிறவர்களுக்கு எவர்சில்வர் தூக்குவாளி இலவசம் என்று அறிவித்ததும் நூறு பேர் ஒரே நாளில் வந்து, 'நான் மஞ்சள் சாப்பிடுவதில்லை' என்று கையெழுத்துப் போட்டார்கள். மணிக்கட்டுவரை மஞ்சளாக இருந்த கையால் ஒரு அம்மாள் கைநாட்டு வைத்தார். ஒரு மாதம் கழித்து சுண்ணாம்புச் சோதனை நடந்தது. தொண்ணூற்றொன்பது பஞ்சுகள் சிவந்தன. மையத்தின் வராந்தா அன்று கல்யாண வீட்டு வாசல் மாதிரி இருந்தது.

நிர்வாக அலுவலர் நல்லகாமன் ஒவ்வொருவரையும் விசாரித்தார்.

"ஏய்யா, மஞ்சள் சாப்பிட மாட்டேன்னு எழுதிக் குடுத்தேல்ல?"

"மஞ்சள் எங்க சார் சாப்பிட்டேன்? குழம்புதான் சாப்பிட்டேன்."

எல்லோரும் இதையே சொன்னார்கள். யாரும் பொய் சொல்லவில்லை. நூறாவது பஞ்சு மட்டும் வெள்ளையாக இருந்தது. அது இன்னாசிமுத்துவினுடையது.

அவர் தூக்குவாளிக்காக வந்தவர் அல்ல. ஒன்றரை வருடத்துக்கு முன் அவர் மனைவி ஞானம் வயிற்றில் கட்டி வந்து இறந்திருந்தாள். அதற்குப் பிறகு ஒருநாள் டீக்கடைப் பத்திரிகையில், மஞ்சள் புற்றுநோயைத் தடுக்கும் என்று ஒரு செய்தியைப் படித்தார். ஞானம் நாற்பது வருடம் மஞ்சள் போட்டுச் சமைத்து, அதைச் சாப்பிட்டவள். அப்படியானால் அவளுக்கு ஏன் வந்தது? இந்தக் கேள்வியை அவர் மருத்துவமனையில் கேட்டிருந்தார். 'கடவுள் சித்தம்' என்றார்கள். பங்குச் சாமியாரிடம் கேட்டார். 'டாக்டரைத்தான் கேக்கணும்' என்றார். விடை சொல்லக்கூடிய இடம் ஒன்று கரிசல் காட்டில் திறந்திருக்கிறது என்று தெரிந்ததும் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

சாப்பிடாத பக்கத்தில் அவர் தானாகச் சேர்ந்ததற்கும் காரணம் உண்டு. ஆய்வகத்தில் எந்தச் சோதனை செய்தாலும் பக்கத்தில் ஒன்றும் சேர்க்காத ஒரு குழாயை வைப்பார்கள். மற்றக் குழாய்களில் நிறம் மாறியதா என்று அதை வைத்துத்தான் சொல்ல முடியும். பையன்கள் யாரும் அந்தக் குழாயைப் பார்ப்பதில்லை. அதில் ஒன்றும் நடக்காது. ஆனால் அதைக் கழுவி வைப்பவருக்குத் தெரியும், அது இல்லாவிட்டால் மற்றதெல்லாம் வெறும் கலர்த் தண்ணீர் என்று.

மையத்தின் இயக்குநர் டாக்டர் விஜய்ஆனந்த் அவரை நேரில் அழைத்துக் கைகுலுக்கினார்.

"வெளிநாட்டுல ஆயிரம் பேரை வச்சு ஆராய்ச்சி பண்றாங்க. அதுல பத்துப் பேர் ஏமாத்தினாக் கண்டுபிடிக்க முடியாது. நம்மகிட்ட ஒரே ஒருத்தர். இம்புட்டுச் சுத்தமான ஆராய்ச்சி உலகத்துலயே கிடையாது" என்றார். பிறகு கையை உடனே சோப்புப் போட்டுக் கழுவச் சொன்னார். காலையில் பொங்கலும் சாம்பாரும் சாப்பிட்டிருந்தாராம்.

*

வில்லாபுரத்தில் இன்னாசிமுத்து வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவில் நெஞ்சளவு உயரத்தில் ஒரு சுவர். அந்தப் பக்கம் சௌராஷ்டிரக் குடும்பம்: சேலை வியாபாரி ஜனகராஜ், அவர் மனைவி பத்மாசினி. இருபது வருடப் பழக்கம். ஞானம் இறந்த மறுவாரத்திலிருந்து தினமும் மத்தியானம் பத்மாசினி ஒரு கிண்ணத்தில் குழம்பு ஊற்றிச் சுவர்மேல் வைத்துக் கரண்டியால் தட்டுவாள். அவர் சோறு மட்டும் வடித்துக்கொள்வார். சுவருக்கு இந்தப் பக்கம் அவர் தட்டும் அந்தப் பக்கம் அவர்கள் தட்டுமாக, ஊர்ப்பேச்சு பேசிக்கொண்டே சாப்பிடுவார்கள்.

ஆய்வில் சேர்ந்த அன்று அவர் கிண்ணத்தை எடுக்கவில்லை.

"என்னண்ணே, கத்திரிக்காக் குழம்பு. ஆறிரும்."

"வேணாம்மா. மஞ்சள் சேக்கக் கூடாது."

"யாரு சொன்னா, டாக்டரா? உடம்புக்கு என்ன?"

"உடம்புக்கு ஒண்ணுமில்ல. ஆராய்ச்சிக்காக."

"ஆராய்ச்சிக்கு உடம்பு சரியில்லன்னா அதுக்குல்ல பத்தியம் குடுக்கணும்? உங்களுக்கு எதுக்கு?" என்றாள் பத்மாசினி. பிறகு அவளே ஒரு வழி சொன்னாள். "இதுக்குப் போயி. மஞ்சள் போடாம தனியா வச்சுத் தாரேன். அம்புட்டுத்தான?"

இன்னாசிமுத்து அந்தக் கிண்ணத்தை அன்றே வாங்கியிருக்கலாம். ஆனால் ஆய்வக ஒழுங்கு என்று ஒன்று இருக்கிறது. அவர் புதன்கிழமைப் படிவத்தில் 'பக்கத்து வீட்டில் மஞ்சள் இல்லாமல் சமைத்துத் தர முன்வந்துள்ளார்கள். அனுமதி வேண்டும்' என்று எழுதினார். அனுமதி தருவதற்கு முன் சமையலறையைச் சான்றளிக்க வேண்டும் என்று மையம் முடிவு செய்தது.

வெள்ளிக்கிழமையாகப் பார்த்து ஜீப் வந்தது. நல்லகாமன், பெர்சி, ஒரு புகைப்படக்காரர். வாசல்நிலையைத் துடைத்த பஞ்சு சிவந்தது. அம்மியைத் துடைத்த பஞ்சு சிவந்தது. கரண்டி, சாமி மாடம், அஞ்சறைப் பெட்டி வைத்திருந்த பலகை, தரையில் அவள் நடந்த தடம் எல்லாம் சிவந்தன. பத்மாசினி அன்று மஞ்சள் பூசிக் குளித்திருந்தாள். நல்லகாமன் எல்லாவற்றையும் பொறுமையாக எழுதிக்கொண்டார். அவர் கெட்ட மனிதர் அல்ல. ஒரு வேலையை எடுத்தால் பாதியில் விடத் தெரியாதவர். கடைசியாக அவள் கழுத்தைப் பார்த்தார்.

"அம்மா, அந்தக் கயிறு மஞ்சள்ல நனைச்சதுங்களா?"

"தாலிக்கயிறுய்யா."

"புரியுது. சமைக்கிற நேரத்துக்கு மட்டும் கழட்டி ஆணியில மாட்டி வைக்க முடியுமா? ரொம்ப நாளைக்கு இல்ல. மூணு வருசம்தான்."

பேப்பர் படித்துக்கொண்டிருந்த ஜனகராஜ் பேப்பரை இறக்கினார். பத்மாசினி தன் வீட்டு மொழியில் ஏதோ சொன்னாள். நல்லகாமனுக்கு அந்த மொழி தெரியாது. இருந்தாலும் செருப்பைத் தேட ஆரம்பித்தார். மையத்தின் கோப்பில், 'சமையலறை தகுதி பெறவில்லை. உரிமையாளர் அறிவியல் மனப்பான்மை அற்றவர்' என்று பதிவானது.

அன்று மத்தியானம் சுவரருகே வந்து பத்மாசினி சொன்னாள்: "அண்ணே, நீங்க வேணாம்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் பாட்டுக்கு விட்டிருப்பேன். ஆளக் கூட்டிட்டு வந்து என் தாலியக் கழட்டச் சொல்லிட்டீங்களே."

அவர் பதில் சொல்வதற்குள் உள்ளே போய்விட்டாள். மறுநாளிலிருந்து அவர்கள் சாப்பாட்டுத் தட்டுகள் முன்னறைக்கு மாறின. சுவர்மேல் காக்கைதான் உட்கார்ந்தது.

*

இன்னாசிமுத்து வெள்ளையாகச் சாப்பிட ஆரம்பித்தார். இட்லி, தேங்காய்ச் சட்னி, மோர்ச் சோறு, பால் சோறு. ஓட்டலுக்குப் போக முடியாது. சட்னி வாளியிலும் சாம்பார் வாளியிலும் ஒரே கரண்டி. கல்யாணத்துக்குப் போக முடியாது. மாதா கோவில் அசன விருந்துக்குப் போக முடியாது. 'ஏன் வரல?' என்று கேட்டவர்களிடம் அவர் ஒன்றும் சேர்க்காத குழாயைப் பற்றி விளக்கினார். கொஞ்ச நாளில் கேட்பதை நிறுத்திவிட்டார்கள்.

பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலையில் இருந்த மகன் ஸ்டீவுக்கு மதுரையில் கல்யாணம் நடந்தது. மணமகனின் தந்தை கலந்துகொள்ளலாம், உணவு பரிமாறும் இடத்திலிருந்து பதினைந்தடி தள்ளி இருக்க வேண்டும் என்று மையம் அனுமதிக் கடிதம் கொடுத்தது. எல்லோரும் பிரியாணி சாப்பிட்டபோது அவர் கோவிலுக்குப் பின்னால் சைக்கிள் ஸ்டாண்டில் நின்று டிபன் பாக்ஸைத் திறந்து நான்கு இட்லி சாப்பிட்டார். பெண்ணின் தகப்பனார் தேடிக்கொண்டு வந்து, "சம்பந்தி, எங்க மேல எதுவும் வருத்தமா? எதுன்னாலும் பேசித் தீத்துக்கலாம்" என்று கையைப் பிடிக்க வந்தார். அவர் கையில் பிரியாணி மஞ்சள். இன்னாசிமுத்து இரண்டடி பின்வாங்கினார். அதற்குப் பிறகு ஸ்டீவ் மாதம் ஒருமுறைதான் போன் செய்தான்.

புதன்கிழமை பெர்சி வருவாள். அவளிடம் அறுபத்துநான்கு கேள்விகள் கொண்ட படிவம் இருந்தது. 'கடந்த ஏழு நாட்களில் எத்தனை முறை மலம் கழித்தீர்கள்' என்பது பதினெட்டாவது கேள்வி. தன்னைப் பற்றி இவ்வளவு விவரமாக ஒருவர் கேட்பதை அவர் விரும்பினார். மெதுவாகப் பதில் சொல்வார். கேட்காததையும் சொல்வார். நாற்பத்தொன்றாவது கேள்வி இப்படி இருக்கும்: 'கடந்த ஏழு நாட்களில் யாருடனாவது உடன் அமர்ந்து உணவருந்தினீர்களா?' பக்கத்தில் இரண்டு கட்டங்கள்: ஆம், இல்லை.

"இல்லை" என்பார்.

பெர்சி டிக் போடுவாள். அந்தக் கேள்விக்கு மட்டும் அவள் நிமிர்ந்து பார்ப்பதில்லை.

இரண்டாவது வருடம் மையத்தின் ஆண்டு விழா வந்தது. இன்னாசிமுத்துவுக்குத் தபாலில் அழைப்பிதழ் அனுப்பினார்கள். அவர் உறையைப் பிரித்ததும் அழைப்பிதழின் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவியிருந்ததைப் பார்த்தார். வலதுகைப் பெருவிரலில் ஒட்டிக்கொண்டது. மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவினார். எழுபத்தொன்றாவது வாரப் படிவத்தின் 'இதர குறிப்புகள்' பகுதியில் தேதி, நேரம், விரல் எல்லாவற்றையும் எழுதினார். எழுதாமல் விட்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. அவருக்குத் தெரிந்திருக்கும்.

விழாவில் அவருக்கென்று நாற்பதடி தள்ளி வேப்பமரத்தடியில் தனிப் பந்தல் போட்டு ஒரு நாற்காலி வைத்திருந்தார்கள். மேடையில் இயக்குநர் பேசினார்:

"ஒரு ஊரே சாப்பிடுறதை ஒருத்தர் சாப்பிடாம இருக்கார்னா, அவரை நாம தனியா விட்டுறக் கூடாது. இந்த மையம் அவரை ஒருநாளும் தனியா விடாது. அதோ, அங்க தூரத்துல, தனியா உக்காந்திருக்காரே, அவருக்குப் பலமா ஒரு கைதட்டு!"

பொன்னாடை மஞ்சள் குங்குமத் தட்டில் வைக்கப்பட்டிருந்ததால் அவருக்குப் போர்த்த முடியவில்லை. அதனால் அவருடைய புகைப்படத்தை மேடையில் வைத்து அதற்குப் போர்த்தினார்கள். பின்வரிசையில் இருந்தவர்கள் எழுந்து ஒரு நிமிடம் மௌனமாக நின்றார்கள். சாப்பாட்டு நேரத்தில் காவலாளி சோலை ஒரு தட்டில் தயிர்ச் சோறு கொண்டுவந்து பத்தடி தள்ளித் தரையில் வைத்துவிட்டுப் பின்னால் போனான்.

"தப்பா நெனைக்காதீங்கண்ணே. நான் சாப்பிட்டுட்டேன். கையில சாம்பார்."

*

மூன்று வருடம் முடிந்தது. கணக்கைக் கூட்டிப் பார்த்தபோது மையத்தில் யாருக்கும் இரண்டு நாள் தூக்கம் இல்லை.

மஞ்சள் சாப்பிட்ட நூறு பேரில் இரண்டு பேருக்குப் புற்றுநோய் வந்திருந்தது. ஒருவர் ஐம்பது வருடம் புகையிலை மென்றவர். இன்னொருவருக்கு வயது எழுபத்தாறு. மஞ்சளுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இப்படிப்பட்ட கேள்விக்கு விடை தெரிய வேண்டுமென்றால் ஆயிரக்கணக்கானவர்களை இருபது வருடமாவது கவனிக்க வேண்டும். ஆனால் விகிதத்துக்கு இதெல்லாம் தெரியாது. சாப்பிட்டவர்களில் நூற்றுக்கு இரண்டு. சாப்பிடாதவர்களில் ஒரே ஒருவர், அவர் நன்றாக இருக்கிறார், நூற்றுக்குப் பூஜ்யம். ஆக, மஞ்சள் சாப்பிடாமல் இருந்தால் புற்றுநோய் வராது என்று மஞ்சள் பிரிவு நிரூபித்திருந்தது.

நல்லகாமன்தான் முதலில் வெளிச்சத்தைப் பார்த்தார்.

"சார், அவருக்கு மட்டும் வந்துட்டா நூத்துக்கு நூறு சார். எந்த நாட்டு ஆராய்ச்சியிலயும் நூத்துக்கு நூறு வந்ததில்ல."

ஆய்வு ஆறு மாதம் நீட்டிக்கப்பட்டது. அந்த ஆறு மாதம் இன்னாசிமுத்துவை உலகமே கவனித்தது போலிருந்தது. படிவத்தில் பன்னிரண்டு கேள்விகள் கூடின. இயக்குநரே வாரம் இரண்டு முறை போன் செய்தார்.

"பசி எப்படி இருக்கு?"

"நல்லாப் பசிக்குது சார்."

"ஓ. எடை?"

"ஒரு கிலோ கூடியிருக்கு."

"சரி, பரவாயில்ல. மனசை விட்றாதீங்க."

இருமல் வந்த வாரம் ஜீப் இரண்டு முறை வந்தது. ஸ்கேன் எடுத்தார்கள். நல்லகாமன் முடிவை இரண்டு தடவை படித்தார். "வேற எங்கயாச்சும் எடுத்துப் பாப்பமா?" என்றார் கடைசியில். இன்னாசிமுத்துவுக்குக் கண் கலங்கிவிட்டது. ஞானத்துக்குக்கூட ஒரே ஒரு ஸ்கேன்தான் எடுத்தார்கள்.

இருமல் சரியாகிவிட்டது. அறிக்கையை வெளியிட அமைச்சர் வருகிற தேதி வந்துவிட்டது. வேறு வழியில்லாமல் அவரை வேப்பமரத்தடிக்கு வரச்சொன்னார்கள்.

நல்லகாமன் எழுபத்தொன்றாவது வாரப் படிவத்தை எடுத்து விரித்தார். "இது உங்க கையெழுத்துதான?"

"ஆமா சார்."

"'அழைப்பிதழில் இருந்த மஞ்சள் வலதுகைப் பெருவிரலில் பட்டது.' நீங்க எழுதினதுதான?"

"பட்டுச்சு. அதான் எழுதினேன்."

"அப்ப நீங்க மஞ்சள் பட்டவர். சாப்பிடாத பிரிவுல இருக்கத் தகுதி இல்ல. அன்னையில இருந்தே இல்ல."

இன்னாசிமுத்து தன் பெருவிரலைப் பார்த்தார். "மஞ்சள் தடவி அனுப்புனது நீங்கதான சார்?"

நல்லகாமன் உண்மையாகவே அதிர்ந்து போனார். "நல்ல காரியத்துக்கு மஞ்சள் தடவாம எப்பிடிய்யா பத்திரிகை அனுப்புறது?"

இயக்குநர் எழுந்து நின்றார். "ஒரு விஞ்ஞானியா எனக்கு வருத்தமாத்தான் இருக்கு. ஆனா ஒரு இயக்குநரா நிம்மதியா இருக்கேன். உங்க நேர்மையை மையம் என்னைக்கும் மறக்காது. அது இல்லன்னா உங்களை நீக்கியே இருக்க முடியாது."

ஆணையைத் தட்டச்சு செய்தே கொண்டு வந்திருந்தார்கள். 'இவ்வாணை கிடைக்கப்பெற்ற நேரம் முதல் தாங்கள் மஞ்சள் உட்கொள்ளலாம்.' இன்னாசிமுத்து அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, மூன்றரை வருடமாகக் கேட்கக் காத்திருந்ததைக் கேட்டார்.

"சார், என் வீட்டம்மா நாப்பது வருசம் மஞ்சள் சாப்பிட்டா. அவளுக்கு ஏன் சார் வந்துச்சு?"

இயக்குநர் நல்லகாமனைப் பார்த்தார். நல்லகாமன் பதிவேட்டைப் புரட்டினார்.

"அந்தம்மா நம்ம ஆய்வுல பதிவே பண்ணலையே" என்றார்.

*

பெர்சிக்கும் அந்த வாரத்தோடு வேலை முடிந்தது. சொல்லிவிட்டுப் போக வந்தவளிடம் இன்னாசிமுத்து அதே கேள்வியைக் கேட்டார்.

"தெரியாது அங்கிள்" என்றாள். "கண்ணாடித் தட்டுல வளக்குற செல்லு மேல மஞ்சள் சாரத்தை ஊத்தினா அது கட்டியைத் தடுக்குது. எலிக்கும் ஓரளவு வேலை செய்யுது. ஆனா நம்ம சாப்பிடுற மஞ்சள் தண்ணியில கரையாது. எண்ணெயிலதான் கரையும். குடல்ல இருந்து ரத்தத்துக்குக் கொஞ்சூண்டுதான் போகுது. போனதையும் ஈரல் ஒரு மணி நேரத்துல மாத்தி வெளிய தள்ளிருது. மிளகு சேத்தாக் கொஞ்சம் தங்கும்னு சொல்றாங்க. ஆன்ட்டிக்கு ஏன் வந்துச்சுன்னு யாராலயும் சொல்ல முடியாது. அவங்க செஞ்ச தப்பு எதுவும் இல்ல அங்கிள். அது மட்டும் தெரியும்."

இவ்வளவு பெரிய கட்டடத்திலிருந்து அவருக்குக் கிடைத்த முதல் விடை அதுதான். அவர் எழுந்து அவளுக்கு மோர் கொடுத்தார். மிச்சமிருந்த படிவக் கட்டையும் சுண்ணாம்புத் தண்ணீர் பாட்டிலையும் திருப்பி எடுத்துப்போக மையத்தில் உத்தரவு இல்லாததால் அவள் அங்கேயே விட்டுப் போனாள்.

அமைச்சர் வெளியிட்ட அறிக்கையில் ஒரு பொய்கூட இல்லை. சாப்பிடாத பிரிவில் தொண்ணூற்றொன்பது பேர் முதல் மாதமே நீக்கப்பட்டார்கள். ஒருவர் இப்போது நீக்கப்பட்டார். எனவே அறிக்கையின் கடைசி வாக்கியம் இப்படி இருந்தது: 'மஞ்சள் உண்ட நூறு பேரில் தொண்ணூற்றெட்டுப் பேர் நலமாக உள்ளனர். மஞ்சள் உண்ணாத நூறு பேரில் ஆய்வு முடிவில் எவரும் மிஞ்சவில்லை.' மறுநாள் எல்லாப் பத்திரிகைகளும் அதை அப்படியே பெரிய எழுத்தில் போட்டன.

அன்று புதன்கிழமை. காலை பத்து மணிக்கு இன்னாசிமுத்து வழக்கம்போல வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். பதினொன்று ஆனது. பன்னிரண்டு ஆனது. மஞ்சள் சாப்பிடலாம் என்று ஆணை கிடைத்து ஒரு வாரமாகியும் அவர் வீட்டில் மஞ்சள் இல்லை. ஞானம் வைத்திருந்த டப்பாவை ஆய்வில் சேர்ந்த அன்றே ஜீப்பில் எடுத்துப் போய்விட்டார்கள். கடையில் போய் வாங்கலாம். எவ்வளவு போட வேண்டும் என்று அவருக்குத் தெரியாது. உள்ளே போய்ச் சோறு வடித்தார்.

சுவரில் கரண்டி தட்டும் சத்தம் கேட்டது. அவசரமான தட்டல்.

"அண்ணே! அண்ணே! இருக்கீங்களா?"

அவர் கொல்லைப்பக்கம் வந்தார். சுவருக்கு மேலே பத்மாசினியின் தலை தெரிந்தது. முகம் வெளிறியிருந்தது.

"இருக்கேம்மா."

அவள் அவரை மேலும் கீழும் பார்த்தாள். "பேப்பர்ல போட்டிருக்கு. இவுக வாசிச்சாக. மஞ்சள் சாப்பிடாதவுக யாரும் மிஞ்சலைன்னு."

"அந்த யாரும் நான்தாம்மா."

உள்ளேயிருந்து ஜனகராஜின் குரல் வந்தது. "இருக்காருல்ல? பாத்துட்டேல்ல? வா உள்ள. நாமதான் பேசுறதில்லையே."

"நான் எங்க பேசினேன்?" என்று அவள் திரும்பிக் கத்தினாள். தலை மறைந்தது. கொஞ்ச நேரத்தில் ஒரு கை மட்டும் வந்து சுவர்மேல் கிண்ணத்தை வைத்தது. கத்திரிக்காய்க் குழம்பு. "பேசுறேன்னு நெனச்சுக்கிறாதீங்க. கிண்ணத்தைக் கழுவி இங்கனயே வைங்க. நாளைக்கு வேணும்."

அவர் தட்டை எடுத்துவந்து சுவரில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்தார். முதல் வாய் வைத்ததும் நிறுத்திவிட்டார். மஞ்சளுக்கு ஒரு வாசனை இருக்கிறது. மழை பெய்து இரண்டு நாளான மண் மாதிரி, கொஞ்சம் கசப்போடு. தினமும் சாப்பிடுகிற யாருக்கும் அது தெரியாது. மூன்றரை வருட ஆய்வில் மையம் கண்டறிந்திருக்கக்கூடிய ஒரே புதிய உண்மை அதுதான். அறிக்கையில் அது இல்லை.

சுவருக்கு அந்தப் பக்கம் தட்டு வைக்கும் சத்தம் கேட்டது. முன்னறையில் இல்லை, கொல்லையில். "உப்புப் பத்தல" என்றார் ஜனகராஜ். "அவரு ஒண்ணும் சொல்லாமத்தான சாப்பிடுறாரு" என்றாள் பத்மாசினி.

சாப்பிட்டு முடித்ததும் இன்னாசிமுத்து பஞ்சால் நாக்கைத் துடைத்து இரண்டு சொட்டு சுண்ணாம்புத் தண்ணீர் விட்டார். பஞ்சு ஆரத்தியாகச் சிவந்தது.

"சிவந்துருச்சு" என்றார், பெர்சியிடம் சொல்கிற பழக்கத்தில்.

"என்னது சிவந்துச்சு?" என்று சுவர் கேட்டது.

"ஒண்ணுமில்லம்மா."

பிறகு ஒரு படிவத்தை எடுத்து முதல் கேள்வியிலிருந்து பதில் எழுதிக்கொண்டு வந்தார். அனுப்புவதற்கு இடம் இல்லை, ஆனாலும் புதன்கிழமை. நாற்பத்தொன்றில் பேனா நின்றது. உடன் அமர்ந்து உணவருந்தினீர்களா? அமர்ந்திருந்தார்கள். அருந்தினார்கள். உடன் என்று சொல்லலாமா? நடுவில் நாலரையடிச் சுவர். ஒன்பது அங்குலக் கனம். ஆம் என்று போட்டால் மிகை. இல்லை என்று போட்டால் பொய். முப்பத்து மூன்று வருடம் ஆய்வகத்தில் இருந்தவர் இரண்டையும் செய்ய முடியாது.

அவர் ஸ்கேலை எடுத்து, இரண்டு கட்டங்களுக்குப் பக்கத்தில் அதே அளவில் மூன்றாவதாக ஒரு கட்டம் வரைந்தார். அதன் அருகில் 'சுவர் உண்டு' என்று எழுதினார். டிக் போட்டுவிட்டு, கிண்ணத்தைக் கழுவப் போனார்.